காரடூனுக்கு ஏழாம் பிரபு இல்லை

மாடிப்படி வளைகிற இடத்தில் சவப்பெட்டி திரும்பாது என்று லூக் டோலன் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டான். வேறு வழியில்லாமல் அப்பாவைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, மார்போடும் இடுப்போடும் படுக்கை விரிப்பால் கட்டி, கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். கோல்மன் மேல்படியில் நின்று நாற்காலியின் முதுகைத் தாங்கியிருந்தான். லூக் கால்மாட்டைப் பிடித்தபடி, பின்புறமாகப் படியைத் துழாவித் துழாவி இறங்கினான்.

"மெதுவாடா, மெதுவா. சுவர்ல உரசுது."

"எது?"

"பிரபுவோட முழங்கை."

கோல்மன் குனிந்து அப்பாவின் கையை எடுத்து அவர் மடியில் வைத்தான். காலையில் மாடுகளுக்குத் தீவனம் போட்டுவிட்டு, தேநீர்க் கோப்பையோடு மாடிக்குப் போனபோதுதான் அவர் போய்விட்டதைப் பார்த்தான். ஒரு வாரமாக எதிர்பார்த்ததுதான். ஆனாலும் தேநீர் ஆறிப்போகும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருந்தான். இப்போது சவரம் செய்து, தலை வாரி, நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பா, சந்தையிலிருந்து திரும்பும் வழியில் வண்டியிலேயே கண்ணசந்துவிட்டவரைப்போல இருந்தார்.

கீழே முன்னறையில் பெட்டி காத்திருந்தது. லூக்கின் குடும்பத்துக்கு ஊரில் ஒரே கூரையின் கீழ் மூன்று தொழில்: ஒரு பக்கம் ஆணியும் கம்பியும், ஒரு பக்கம் பீர், பின்கட்டில் சவப்பெட்டி. லூக்கும் கோல்மனும் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அப்பாவைப் பெட்டியில் கிடத்தி, கைகளைச் சேர்த்து வைத்ததும் லூக் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"மூடியில பித்தளைத் தகடு ஒண்ணு வரும். பேரு என்ன போடணும்?"

"பேருதான்."

"அதைத்தான் கேக்கறேன். ஆம்ப்ரோஸ் ஹேக்கட்டா, காரடூன் பிரபுவா?"

கோல்மன் அப்பாவின் சட்டைக் கையை இழுத்துச் சரிசெய்தான். லூக் குரலைத் தணித்துக்கொண்டான்.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டியே? இப்ப நீதானே பிரபு?"

"இல்ல."

"ஏன் இல்ல? ஒரே பையன்."

"நான் பொறந்தப்போ அவங்களுக்குக் கல்யாணம் ஆகல, லூக்."

ஊரில் இது தெரியாதவர் யாரும் இல்லை. ஆனால் நாற்பத்தேழு வருஷத்தில் கோல்மனின் எதிரில் யாரும் இதைச் சொன்னதில்லை, கோல்மனும் சொன்னதில்லை. லூக்கின் காது மடல் சிவந்தது. கையிலிருந்த துணியை நாலாக மடித்தான், பிறகு எட்டாக மடித்தான்.

"அப்புறமா கட்டிக்கிட்டாங்கல்ல?"

"அப்புறமா கட்டிக்கிட்டா நான் முறையான பிள்ளைதான். நிலம் வரும், மாடு வரும், வங்கிக் கடனும் வரும். பட்டம் மட்டும் வராது. சட்டம் அப்படி."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஆம்ப்ரோஸ் ஹேக்கட்னு போடு, லூக். மண்ணுக்குள்ள போறதுக்கு அது போதும்."

அத்தோடு தகட்டு விஷயம் முடிந்தது.

மதியத்துக்குமேல் கால்வேயிலிருந்து தங்கை ஊனா வந்தாள். வந்ததும் அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள், அழுதாள், முகம் கழுவினாள், கை நிறைய ரொட்டியை எடுத்துவைத்துக்கொண்டு சாண்ட்விச்சுக்கு வெண்ணெய் தடவ உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எதையும் வேலை செய்துகொண்டேதான் பேச வரும்.

"அப்போ இன்னியோட முடிஞ்சுதா காரடூன்?"

"முடிஞ்சுது."

"நான் சரியான நேரத்துல வந்தேன், தப்பான ஆளா, பொண்ணா. நீ சரியான ஆளு, நேரந்தான் தப்பு. ரெண்டு பேரையும் சேர்த்து அரைச்சு உருட்டியிருந்தா ஒரு பிரபு தேறியிருப்பான்."

கோல்மன் சிரித்தான். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தான்.

அந்தப் பட்டத்தின் கதையை அவன் ஊர் வாயிலாகத்தான் கற்றான். வீட்டில் அதை யாரும் பெருமையாகச் சொன்னதில்லை. முதலாமவர், அயர்லாந்துக்கென்று தனியாக இருந்த டப்ளின் நாடாளுமன்றத்தில் உறுப்பினர். அந்த நாடாளுமன்றமே தன்னைக் கலைத்துக்கொண்டு லண்டனோடு சேர்ந்துவிட வேண்டும் என்று வாக்கெடுப்பு வந்தபோது கையைத் தூக்கினார். தூக்கிய கைக்குக் கூலியாக வந்ததுதான் பட்டம். இரண்டாமவர் அந்தப் பட்டத்துக்கு ஏற்ற வீடு வேண்டும் என்று ஏரிக்கரையில் பெரிய வீட்டைக் கட்டி, கட்டிய கடனை மகன் தலையில் வைத்துவிட்டுப் போனார். மூன்றாமவர் காலத்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தது. நான்காமவர் காலத்தில் நிலம் குடியானவர்கள் கைக்குப் போனது. அவர் அதைக் கவனிக்காமல் நரி வேட்டையாடிக்கொண்டிருந்தார். ஐந்தாமவர் கோல்மனின் தாத்தா. அவருடைய மூத்த மகன் போரில் இத்தாலியில் செத்தான். மிஞ்சியவர் இளையவர் ஆம்ப்ரோஸ். அவரும் போய்க் கடைக்காரப் பெண்ணை விரும்பினார்; அதுவும் கத்தோலிக்கப் பெண்ணை.

பிறகு நடந்ததாக ஊர் சொன்னது இதுதான். அந்தப் பெண், கோல்மனின் அம்மா டிலியா, வயிற்றில் பிள்ளையோடு லிவர்பூலில் இருந்த தன் அத்தை வீட்டுக்கு ஓடினாள். ஆம்ப்ரோஸ் தகப்பனுக்குப் பயந்து அசையாமல் இருந்தார். பிள்ளை பிறந்த பிறகுதான் தைரியம் வந்து, போய் மோதிரம் போட்டுக் கூட்டிவந்தார். சில வாரங்கள் முன்னால் போயிருந்தால் பையன் பிரபு. அந்தச் சில வாரத் தைரியம் அவருக்கு இல்லை.

கோல்மனுக்குப் பத்து வயதிருக்கும்போது பள்ளிக்கூட வாசலில் ஒரு பையன் இதைப் பாட்டாகவே பாடினான். அவனை அடித்துவிட்டு வந்து, சட்டை கிழிந்த காரணத்தைக் கேட்ட அப்பாவிடம் பாட்டைச் சொன்னான். அப்பா கேட்டுக்கொண்டார். ஊசியும் நூலும் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து கோல்மன் அதைப் பற்றி அவரிடம் பேசவில்லை. முப்பது வருஷம் ஒரே வயலில், ஒரே தொழுவத்தில், ஒரே மழையில் இருவரும் வேலை செய்தார்கள். பெரிய வீட்டுக்கு வரி கட்டி மாளாமல், கூரையில்லாத வீட்டுக்கு வரி இல்லை என்பதால், ஒரு வசந்தத்தில் அதன் கூரையைப் பிரித்தபோது ஓடுகளைக் கை மாற்றிக் கை மாற்றி இறக்கினார்கள். ஒருவருக்கு ஒருவரைப் பிடித்திருந்தது. ஆனால் மகனுக்குள் ஒரு ஓரத்தில், இவர் பயந்தாங்கொள்ளி என்ற நினைப்பு செருப்புக்குள் கிடக்கும் சிறு கல் மாதிரி இருந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் வீடு நிறைந்தது. முன்னறையில் பெட்டி, சமையலறையில் கூட்டம். அடுப்பில் சதுப்புமண் கட்டிகள் புகைந்தன. வருகிறவர்கள் பெட்டியருகே ஒரு நிமிஷம் நின்றார்கள், அம்மாவின் கையைப் பிடித்து "வருத்தமான விஷயம், டிலியா" என்றார்கள், பிறகு தேநீரும் பன்றி இறைச்சி சாண்ட்விச்சுமாக உட்கார்ந்தார்கள். அம்மா ஜெபமாலை சொல்லலாம் என்றபோது, செத்தவர் புராட்டஸ்டண்ட் ஆயிற்றே என்று ஒரு கிழவி இழுத்தாள்.

"அவருக்கு ஆட்சேபம் இருந்தா எழுந்து சொல்லட்டும்" என்று அம்மா மண்டியிட்டாள்.

ஜெபம் முடிந்து முழங்காலைத் தடவிக்கொண்டு எல்லோரும் எழுந்தபோது வாசலில் ஒரு புது ஆள் நின்றிருந்தார். மெலிந்த, உயரமான மனிதர். எழுபதுக்கு மேல் இருக்கும். நல்ல கம்பளிக் கோட்டு. மழையில் நனைந்த தொப்பியை மார்போடு பிடித்திருந்தார்.

"என் பேரு செசில் பிம். டப்ளின்ல இருந்து வரேன். உங்க அப்பாவை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன். வானொலியில கேட்டதும் ரயில் ஏறிட்டேன்."

கோல்மன் அவருக்கு நாற்காலி போட்டான். விஸ்கி ஊற்றினான். மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, அவர் தன் வினோதத்தைத் தானே சொல்லிவிட்டார். அழிந்துபோன பட்டங்கள்மேல் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பித்து. கடைசிப் பிரபு என்று எங்கே ஒருவர் செத்தாலும் அடக்கத்துக்குப் போய்விடுவார்.

"இதுவரைக்கும் எத்தனை?" என்று கேட்டார் பக்கத்து வயல்காரர் மட்டி லாவின். அவருக்கு எண்பது நெருங்குகிறது. நாக்குக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

"இவரோட சேர்த்தா ஆறு."

"நல்ல பொழுதுபோக்கு. எங்க ஊர்ல தபால்தலை சேர்ப்பாங்க."

சிரிப்பு எழுந்தது. பிம்மும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவரைக் கூட்டம் ஏற்றுக்கொண்டது. பிறகு அரைமணி நேரம் காரடூன் பிரபுக்களைப் பற்றித்தான் பேச்சு. பிம் ஒன்று சொல்ல, மட்டி அதற்கு ஊர்க்கதை ஒன்று சொல்ல, பெஞ்சில் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள்.

"மூணாமவர் பஞ்சத்துல தினம் சூப்பு ஊத்தினார்னு படிச்சிருக்கேன்" என்றார் பிம்.

"ஊத்தினார், ஊத்தினார். அந்தச் சூப்பு வழியா சட்டி அடியில இருக்கிற கீறலைப் பார்க்கலாம்னு எங்க பாட்டன் சொல்வார். ஆனா யாரையும் வீட்டைவிட்டுத் துரத்தல. அதையும் சொல்லணும்ல? மத்த பிரபுங்க துரத்தினாங்க."

"நாலாமவர்?"

"அவர் குதிரையிலிருந்து விழுந்து செத்தார். குதிரை நல்லாயிருந்துச்சு."

"ஆறாமவர்?" என்று யாரோ ஆர்வத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். ஆறாமவர் பக்கத்து அறையில் படுத்திருந்தார்.

மட்டி அடுப்பைப் பார்த்தார். "நல்ல மனுஷன். மாட்டு வைத்தியம் அவரைக் கேட்டுத்தான் பார்ப்போம். அப்பனுக்குப் பயந்தவர், பாவம். வேற குறை சொல்ல முடியாது."

அம்மா தேநீர்க் கெண்டியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அதில் தேநீர் நிறைய இருந்ததைக் கோல்மன் பார்த்தான்.

கூட்டம் கலைய ஆரம்பித்ததும் பிம் கோல்மனின் முழங்கையைத் தொட்டார். இருவரும் வாசலில் இறங்கி நின்றார்கள். மழை நின்று, ஏரிப்பக்கம் கூரையில்லாத பெரிய வீட்டின் புகைபோக்கிகள் வெளிச்சம் போவதற்குமுன் கறுப்பாகத் தெரிந்தன.

"திரு. ஹேக்கட், ஒரு விஷயம். கேக்கக் கூடாத இடம், கேக்கக் கூடாத நாள். ஆனா எனக்கு வயசாயிடுச்சு, இன்னொரு நாள் கிடைக்குமோ என்னமோ. என் மாமா உங்க தாத்தாவோட டப்ளின் கிளப்புல சீட்டாடுவார். ஐம்பதாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு ரொம்ப முன்னாடியே உங்க தாத்தா அவர்கிட்ட சொல்லியிருக்கார்: 'பையன் லிவர்பூலுக்குப் போயிருக்கான். அந்தப் பொண்ணைக் கட்டிக்கிட்டு வான்னு நான்தான் பணம் குடுத்து அனுப்பினேன். பிள்ளை பொறக்கறதுக்குள்ள முடிக்கணும்'னு. நீங்க பொறந்தது ஜனவரி. கல்யாணம் மார்ச். தகப்பனே அனுப்பிவெச்சும் அவர் ஏன் மார்ச் வரைக்கும் காத்திருந்தார்? நாற்பது வருஷமா எனக்கு இது புரியல."

கோல்மன் ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டான். பிம் சங்கடப்பட்டு மன்னிப்புக் கேட்டார், ஊரில் டோலன் வீட்டு மாடியில் அறை எடுத்திருப்பதாகச் சொன்னார், வீடு திரும்புகிறவர்களின் சைக்கிள் விளக்குகளுக்குப் பின்னால் நடந்து போனார். கோல்மன் அங்கேயே நின்றான். பயந்துபோய் வீட்டில் உட்கார்ந்திருந்த அப்பா ஒருவர் இருந்தார். இப்போது தகப்பன் கொடுத்த பணத்தோடு கப்பல் ஏறி, அங்கே போய் மாதக்கணக்கில் சும்மா இருந்த அப்பா ஒருவர். இந்த ஆளை அவனுக்குத் தெரியாது.

மறுநாள் காலை மாடுகளைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தபோது அம்மா முன்னறையில் பெட்டியின்மேல் குனிந்திருந்தாள். அப்பாவின் கழுத்து டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊனா கட்டியிருக்கா பாரு, பள்ளிக்கூடப் பையனுக்குக் கட்டற மாதிரி. தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடி."

கோல்மன் அப்பாவின் பிடரிக்குக் கீழே கையைக் கொடுத்தான். கல் போலக் குளிர்ந்திருந்தது. கனமாகவும் இருந்தது. அம்மா டையின் இரண்டு நுனிகளையும் இழுத்துச் சமன் பார்த்தாள்.

"அம்மா, நேத்து வந்த மனுஷன் ஒண்ணு சொன்னார்."

"சொல்லுவார்னு தெரியும். கண்ணே சொல்லிச்சு."

அவன் சொன்னான். அம்மாவின் விரல்கள் நிற்கவில்லை. முடிச்சைப் போட்டாள், பிடிக்காமல் மறுபடி அவிழ்த்தாள்.

"உங்க தாத்தா அனுப்பிவெச்சது உண்மைதான்" என்றாள். "அக்டோபர்லயே வந்துட்டார் உங்க அப்பா. எங்க அத்தை வீட்டு வாசல்ல நின்னார். காலணியெல்லாம் சேறு. நான் மாடி ஜன்னல்லேருந்து பார்த்தேன். ஓடிப்போய்க் கட்டிக்கணும்னு இருந்துச்சு. கீழே வந்தேன். அவர் வாயைத் திறந்து முதல்ல சொன்னது என்ன தெரியுமா? 'அப்பா சம்மதிச்சுட்டார், டிலியா. குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி முடிச்சுடணும்னு சொன்னார்.'"

"அதுக்கென்ன?"

"முன்னாடி." அம்மா அந்தச் சொல்லைத் தனியாக எடுத்து வைத்தாள். "அந்த ஒரு வார்த்தை எனக்குத் தொண்டையில மாட்டிக்கிச்சு. ஒரு வருஷமா என் கடையில ஆணி வாங்க வந்து, வந்து, தொழுவத்துல அடிக்க இடமில்லாம ஆணி வாங்கின மனுஷன். நான் சொல்லாம கொள்ளாம ஓடினப்போ ரெண்டு மாசம் வரல. அப்பன் அனுப்பினதும் வரார். யாருக்காக வரார்? எனக்காகவா, இதுக்காகவா?" வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "மூத்த மகன் போர்ல செத்துட்டான். கிழவருக்குப் பேரன் வேணும். எனக்கு இருபத்திரண்டு வயசு, கோல்மன். எனக்குத் தெரிஞ்சாகணும்னு தோணிச்சு."

"என்ன சொன்னே?"

"குழந்தை பொறக்கட்டும், பொண்ணோ பையனோ, செத்தே பொறந்தாலும் சரி, அதுக்கப்புறமும் நான் வேணும்னா வந்து கேளுங்கன்னேன்."

கோல்மனின் கை மரத்துப்போக ஆரம்பித்தது. அவன் எடுக்கவில்லை.

"அவர் என்ன சொன்னார்?"

"'ஆகட்டும்'னார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். தொப்பியைப் போட்டுக்கிட்டுப் போய்ட்டார். ஊருக்குத் திரும்பிட்டார்னு நினைச்சு ராத்திரி பூரா அழுதேன். மறுநாள் பார்த்தா பக்கத்துத் தெருவுல அறை எடுத்திருக்கார். நிலக்கரி மண்டியில மூட்டை தூக்கற வேலை. குளிர்காலம் பூரா. ஞாயித்துக்கிழமை வருவார், அத்தை முன்னாடி உட்கார்ந்து தேநீர் குடிப்பார், நகக்கண்ணெல்லாம் கரி. நீ பொறந்தே. எனக்கு ஜுரம் வந்து படுத்துட்டேன், பிழைப்பேனான்னே தெரியல. எழுந்து நடமாட ஆரம்பிச்ச அன்னிக்கு வந்து கேட்டார்: 'இப்போ?' அப்படின்னு. நான் சரின்னேன்."

கோல்மன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். ஆகட்டும். காளை நோய் வந்து செத்தபோதும் அதைத்தான் சொன்னார். பெரிய வீட்டின் கூரையைப் பிரித்தாக வேண்டும் என்று தெரிந்த நாளிலும், போன மாதம் மருத்துவர் ஸ்கேன் படத்தை விளக்கில் காட்டிப் பேசியபோதும் அதையேதான் சொன்னார்.

"பட்டம் போயிடும்னு உனக்குத் தெரியுமா, அப்போ?"

"எனக்கா? கடைக்காரப் பொண்ணுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? பின்னாடி கட்டிக்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன். உங்க தாத்தா செத்தப்போ வக்கீல் வந்து சொன்னார். அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்."

"அவருக்கு?"

"நடக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து இதையே சொல்லி வளர்த்திருக்காங்க. எழுத்துக்கு எழுத்து தெரியும்."

வெளியே கோழிகள் சண்டையிட்டு ஓய்ந்தன. அம்மா முடிச்சை மேலே தள்ளிக் காலருக்குள் பொருத்தினாள்.

"நான் அத்தை வீட்டு நடையில நின்னு அதைச் சொன்னப்போ, அவர் உடனே பதில் சொல்லல. ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார். அந்த நிமிஷத்துல என்ன நினைச்சார்னு நானும் இத்தனை வருஷமா யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன்."

"கேக்கலையா நீ?"

"ஒரு தடவை கேக்க இருந்தேன். பால் கறந்துக்கிட்டிருந்தோம். கேட்டிருந்தா சொல்லியிருப்பார். அதான் கேக்கல."

கோல்மன் அப்பாவின் தலையை மெல்லத் தலையணையில் இறக்கினான். "ஊரே அவரைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லிச்சு. நானும்..." என்று நிறுத்தினான்.

"நீயும்னு அவருக்குத் தெரியும்."

"நீ ஏம்மா சொல்லல?"

"எந்தக் காலம் அது! கட்டிக்கறேன்னு வந்த மனுஷனை, வயித்துல பிள்ளையோட நின்னுக்கிட்டு ஒருத்தி காத்திருக்கச் சொன்னாள்னு தெரிஞ்சா, இந்த ஊர் என்னைக் கடைத்தெருவுல நடக்க விட்டிருக்குமா? நான் சொல்லிடறேன்னுதான் சொன்னேன். அவர்தான் விடல. 'ஒரு ஆள் பேச்சு வாங்கினா போதாதா, எதுக்கு ரெண்டு பேர்'னார்." அவள் டையின் நுனியைக் கோட்டுக்குள் செருகினாள். "உனக்கு வருத்தமா? பட்டம் போனது?"

கோல்மன் யோசித்துப் பார்த்தான். உண்மையாகவே யோசித்தான்.

"பிரபு மாடுன்னா சந்தையில கூடவா குடுக்கப் போறான்?"

அம்மா மூக்கைச் சிந்தினாள். அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியவில்லை. வாசலில் லூக்கின் வண்டி வந்து நின்றது.

புராட்டஸ்டண்ட் சர்ச் சின்னது. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேர்கூட வராத சர்ச். அன்றைக்கு ஊரே வந்து, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றது. ஒரு காலத்தில் கத்தோலிக்கர்கள் இந்த வாசலைத் தாண்டக்கூடாது என்று மதில் வெளியிலேயே நிற்பார்கள். மட்டி லாவின் பழக்கதோஷத்தில் கொஞ்ச நேரம் மதிலுக்கு வெளியே நின்றுவிட்டு, பிறகு நினைவு வந்து உள்ளே வந்தார். சுவரில் ஐந்து பிரபுக்களுக்கும் ஐந்து சலவைக்கல் இருந்தது. ஆறாவதற்கு இடமும் இருந்தது. பாதிரியார் சுருக்கமாகப் பேசினார். நல்ல அயலார், மாடுகளை அறிந்தவர் என்றார். பட்டத்தைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் குழி தயாராக இருந்தது. மட்டியும் இன்னும் மூன்று அயலாரும் விடிந்ததும் வந்து தோண்டியிருந்தார்கள். பெட்டியை இறக்கி, ஜெபம் முடிந்து, கூட்டம் கைகுலுக்க வரிசையாக வந்தது. செசில் பிம் கடைசியில் வந்தார். கோல்மனின் கையைப் பிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை, கண்தான் கேட்டது.

கோல்மன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். என்ன சொல்லப் போகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. கப்பல் ஓடவில்லை என்றோ பனிமூட்டம் என்றோ சொல்லியிருப்பான். அதற்குள் அவன் கையைப் பிடித்திருந்த அம்மா பேசினாள்.

"நான்தான் காத்திருக்கச் சொன்னேன், திரு. பிம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்ற மட்டிக்குக் கேட்டது. வரிசை கலைந்து போய்க்கொண்டிருந்த ஏழெட்டுப் பேருக்கும் கேட்டது. அவர்கள் நின்றார்கள்.

"அவர் அக்டோபர்லயே வந்து கேட்டார். பிள்ளை பொறந்த பிறகு கேளுங்கன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். அவர் யாருக்கும் பயப்படல."

பிம் தொப்பியை எடுத்தார். "மன்னிக்கணும். உங்களுக்கு... சட்டம் தெரியுமா, அப்போ?"

"எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்."

பிம் அதை வாங்கி மனதில் வைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. நாற்பது வருஷமாகத் தேடியது கிடைத்த மனிதரின் முகமாக அது இல்லை. அம்மாவுக்குத் தலைகுனிந்து வணங்கினார். பிறகு குழிப்பக்கம் திரும்பி அதே போல ஒருமுறை வணங்கினார். வாயில் பக்கம் நடந்து போனார்.

ஊனா அண்ணனைப் பார்த்தாள். "இது உனக்குத் தெரியுமா?" என்று உதடுகளால் கேட்டாள். கோல்மனும் உதடுகளாலேயே, காலையிலிருந்துதான் என்றான். அவள் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு போய்ச் சர்ச் சுவரில் சாய்ந்தாள்.

"டிலியா" என்றார் மட்டி. அவர் குரல் கரகரத்தது. "நேத்து உன் அடுப்படியில உட்கார்ந்துக்கிட்டு நான் ஒரு பேச்சுப் பேசினேன்."

"ஊரு பேசினதைத்தானே பேசினே."

"இருந்தாலும்."

"இருந்தாலும் சூப்பு விஷயத்தை நல்லா சொன்னே. அவர் கேட்டிருந்தா சிரிச்சிருப்பார்."

மட்டி கீழே பார்த்தார். மற்ற மூவரும் மண்வெட்டிகளை எடுத்தார்கள். வானம் ஏரிப்பக்கம் இருண்டு வந்தது. மழைக்குமுன் மூடிவிட வேண்டும். குடும்பத்தார் போன பிறகுதான் மண் தள்ளுவது வழக்கம் என்பதால் அவர்கள் கோல்மனைப் பார்த்தார்கள். கோல்மன் அம்மாவின் தோளைத் தொட்டான்.

"போலாமா?"

அம்மா அவன் கையை விட்டுவிட்டுக் குழியின் விளிம்புக்குப் போனாள். அங்கே போட்டிருந்த பலகையின்மேல் கால் வைத்து நின்றாள். அழவில்லை, ஜெபிக்கவும் இல்லை. தலைத்துணியை ஒரு பக்கம் ஒதுக்கி, தலையைச் சாய்த்து, கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் வருமா என்பதுபோல, நன்றாகக் கேட்கிற காது கீழே இருக்கும்படி நின்றாள்.

முதல் துளிகள் விழுந்தன. இளையவன் ஒருவன் மண்வெட்டியை ஓங்கினான். மட்டி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொறு" என்றார். "அவங்க கேட்டு முடிக்கட்டும்."